பீங்கான் கம்பிக்கு எண்ணெய்

அந்தக் கம்பியைத் தேய்ச்ச மாதிரி என் வாழ்நாள்ல நான் எதையும் தேய்ச்சது இல்ல. மூணு நாள் தேய்ச்சேன். கை தேய்க்க, வாய் திட்ட. கம்பியைத் திட்டுனேன், அதை வாங்கிட்டு வந்த மாஸ்டரைத் திட்டுனேன், ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துல பட்டுச்சேலையோட நின்னு பேசுன ஒரு பொம்பளையைத் திட்டுனேன். ரெண்டாம் நாள் என் வீட்டுக்காரர் வாசல்ல நின்னு பார்த்துட்டு, "ஏட்டி, அது கம்பிதான? பேய் ஓட்டுற மாதிரில்ல ஓட்டுற"ன்னாரு. அவரையும் திட்டுனேன்.

நான் கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்குறவ. ராஜபாளையத்துல வீடு. இங்க, ஸ்ரீவில்லிபுத்தூர், சேத்தூர், தேவதானம்னு எந்த மண்டபத்துல ஆர்டர் பிடிச்சாலும் எங்க சமையல் மாஸ்டர் எனக்குத்தான் போன் போடுவாரு. நான் ஆள் சேத்துக்கிட்டுப் போவேன். என்னையும் சேத்து ஆறு பொம்பளைக. முகூர்த்தத்துக்கு மொத நாள் காலையில போய் உக்காந்தா, அவியலுக்கு நீட்டமா, கூட்டுக்குப் பொடிசா, சாம்பாருக்குத் துண்டமா நறுக்கித் தள்ளிட்டுத்தான் எந்திரிப்போம். எங்களை யாரும் பந்தியில தேட மாட்டாக. காய் வேகலன்னா மட்டும் தேடுவாக.

முன்னெல்லாம் ஆளுக்கு ஒரு அருவாமனை வீட்டுல இருந்து கொண்டு போவோம். பொறவு மாஸ்டருக்கு ஒரு பவுசு வந்துச்சு. மண்டபத்துக்கு வர்ற பார்ட்டிக செல்லை வச்சு அடுப்படியைப் படம் பிடிக்கிறாகளாம், பொம்பளைக தரையில காலை நீட்டி உக்காந்து நறுக்குனா படத்துல நல்லா இல்லையாம். மதுரைக்குப் போய் ஆறு கத்தி, ஆறு பலகை, கத்தி தீட்ட ரெண்டு வெள்ளைக் கம்பி வாங்கிட்டு வந்தாரு. ஒரு முழ நீளம், பிடி போட்டு, பால் மாதிரி வெள்ளை. பீங்கான்ல செஞ்சதுன்னாரு.

"பீங்கான்ல கத்தி தீட்டவா? நாளைக்குக் கண்ணாடி வளையல்ல அருவா தீட்டச் சொல்லுவீகளா மாஸ்டர்?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாக. அவரு ஒரு கத்தியை எடுத்து, கம்பியில மெதுவா இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு இழுத்து, ஒரு தக்காளி மேல வச்சாரு. அழுத்தவே இல்ல. கத்தி தானா எறங்கிருச்சு.

சித்திரை, வைகாசி, ஆனி மூணு மாசமும் அந்தக் கம்பிதான் எங்களுக்கு. தீட்டத் தீட்ட அதுல சாம்பக் கலர்ல கோடு விழுந்துச்சு. பொறவு கோடு கருப்பாச்சு. கத்தியில இருந்து உரசி வர்ற இரும்புத்தூள் கம்பி மேல ஒட்டிக்கிட்டு நிக்கிதுன்னு இப்ப சொல்லுவேன். அப்ப யாருக்குத் தெரியும்? நாங்க ஆறு பேரும் சேந்து முடிவு கட்டுனது, கம்பி துருப்பிடிக்க ஆரம்பிச்சுருச்சுன்னு.

இந்த ஆறு பேர்ல ஒருத்தி வத்திராயிருப்புக்காரி. நான்தான் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு பேரும் முன்னால ஒரே மில்லுல வேலை பார்த்தவக. அவ புருசன் தென்னை மரத்துல இருந்து விழுந்து செத்து நாலு வருசம் ஆச்சு. நறுக்குறதுல எங்க எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுருவா. பீன்ஸ் நறுக்குனா ஒண்ணுக்கொண்ணு இம்மி கூடாது, குறையாது. வத்திராயிருப்புல இருந்து மொத பஸ்ஸைப் பிடிச்சு வருவா, எனக்கு முன்னாடியே மண்டபத்துல வந்து நிப்பா.

ஒரு நாள் கேட்டேன், "ஏட்டி, ஒங்க ஊர்ல தோப்பு வேலை இல்லையா? ஏன் இம்புட்டு தூரம் அலையுத?"

அவ கேரட்டைச் சீவிக்கிட்டே சொன்னா, "தோப்பு வேலை இருக்குக்கா. ஆனா கல்யாண வீட்டுக்குள்ள வர எனக்கு ஒரு காரணம் வேணும்ல? இப்ப என்னை யாரு கூப்பிடுதா? சொந்த அண்ணன் மக கல்யாணத்துக்கே பத்திரிகை வந்துச்சு, வான்னு ஒரு வாய்வார்த்தை வரல. இங்கன்னா மேளம் கேக்கும். பூ வாசம் வரும். பொண்ணு புள்ளைகளைச் சன்னல் வழியாப் பார்த்துக்கிடுதேன். போதும்."

அவ சாதாரணமாத்தான் சொன்னா. வேலைன்னு வந்தாத்தான் வாசல் திறக்குது அவளுக்கு. அந்த வேலையும் போச்சுன்னா அதுவும் அடைபட்டுரும்.

ஆடி வந்துச்சு. ஆடியில முகூர்த்தம் கிடையாது, எங்களுக்கும் வேலை கிடையாது. அந்த ஒரு மாசத்துக்குச் சாமான் எல்லாத்தையும் கட்டி வைக்கணும். கரண்டி, கத்தி, கொப்பரைன்னு இரும்புச் சாமான் எதுவா இருந்தாலும் விளக்கெண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில சுத்தி, சாக்குல போட்டுப் பரண்ல ஏத்துறது எங்க வழக்கம். எண்ணெய் பட்டா துரு அண்டாது. கத்தி தீட்டுற சாமான் எல்லாம் என் பொறுப்பு. ஆறு கத்திக்கும் தடவுனேன். வெள்ளைக் கம்பி ரெண்டையும் கையில எடுத்துப் பார்த்தேன். பாவி, இம்புட்டுத் துருவா ஏறியிருக்குன்னு நெனச்சு, அதுக்கு மட்டும் ரெண்டு தடவை தடவுனேன். பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்ச்சேன். சுத்தி வச்சேன்.

ஆவணி மொத முகூர்த்தம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. பெரிய இடம், பெரிய மண்டபம். மொத நாள் காலையில சாக்கைப் பிரிச்சு, கம்பியைத் துணியால துடைச்சேன். கருகருன்னு மினுங்குச்சு. கத்தியை வச்சு இழுத்தா, முன்னால கேக்குற 'சர்ரு சர்ரு' சத்தத்தைக் காணோம். வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. நல்லா ஓடுதுன்னு சந்தோசப்பட்டேன், கூறுகெட்டவ.

மத்தியானம் ஆகுறதுக்குள்ள ஒருத்தர் மாத்தி ஒருத்தர் புலம்ப ஆரம்பிச்சுட்டாக. "யக்கா, கத்தி எறங்கவே மாட்டேங்கு." நான் என்ன செஞ்சேன்? தலைவியில்ல, அதட்டுனேன். "ஒரு மாசம் வீட்டுல தின்னுட்டுக் கிடந்து கையில வலு போச்சு. கத்தியைக் குத்தம் சொல்லாதீக. அழுத்தி நறுக்குங்க." அழுத்துனாக.

வத்திராயிருப்புக்காரி சேனைக்கிழங்கு நறுக்கிக்கிட்டு இருந்தா. சேனைத் தோலு கட்டை மாதிரி இருக்கும். மழுங்குன கத்தி தோலைக் கடிக்காம வழுக்கி, அவ இடது கை ஆள்காட்டி விரல்ல ஏறிருச்சு. எலும்பு வரைக்கும். அவ கத்தக்கூட இல்ல, 'ஸ்ஸ்'ன்னு ஒரு மூச்சு. கிழங்கு பூராம் ரத்தம், பலகை பூராம் ரத்தம். நான் ஓடிப் போய் என் தோள்ல கிடந்த துண்டை எடுத்துச் சுத்தி, கையைத் தூக்கிப் பிடிச்சேன்.

அந்த நேரம் பார்த்து பொண்ணோட பெரியம்மா அடுப்படியைப் பார்வையிட வந்தாக. பின்னாலேயே நாலு சொந்தக்காரப் பொம்பளைக.

"அய்யய்யோ, என்ன இது? நாளைக்கு முகூர்த்தத்தை வச்சுக்கிட்டு அடுப்படியில ரத்தமா?"

மாஸ்டர் ஓடி வந்தாரு. "ஒண்ணுமில்லம்மா, சின்னக் காயம்."

அந்தம்மா காயத்தைப் பார்க்கல. அவ கழுத்தைப் பார்த்துச்சு. பொறவு நெத்தியைப் பார்த்துச்சு. குரல் மாறிப்போச்சு. "கழுத்துல ஒண்ணையும் காணோம்? யாரு இவ? தாலி அறுத்தவளைக் கொண்டுவந்து வச்சா எங்க பிள்ளை கல்யாணத்துக்குக் காய் நறுக்குதீக? அதான் விளங்குது. ரத்தம் சிந்தாம என்ன செய்யும்?"

காலையில இருந்து அவ அஞ்சு கூடை காய் நறுக்கியிருந்தா. அதுவரைக்கும் யாரும் அவ கழுத்தைப் பார்க்கல. காயெல்லாம் தீட்டு இல்லாமத்தான் இருந்துச்சு. ஒரு விரல் வெட்டுப்பட்டதும் எல்லாம் தீட்டாயிருச்சு. இப்ப நெனச்சாலும் எனக்கு நாக்கு வரைக்கும் கசக்குது.

மாஸ்டர் ரெண்டு கையையும் கூப்புனாரு. "தெரியாம நடந்து போச்சும்மா. மன்னிச்சுக்கோங்க. இனிமே இவ எங்க செட்டுலயே வர மாட்டா. இது சத்தியம்." தெரியாமயாம்! ரெண்டு வருசமா அவ நறுக்குன காயை வதக்குனவரு. அடுப்படி பூராம் மஞ்சத்தண்ணி தெளிச்சாக, சூடம் கொளுத்துனாக. அவ நறுக்குன அஞ்சு கூடையையும் கொண்டுபோய்ப் பின்னால கொட்டுனாக. அவ சொவரோரமா நின்னு துண்டை விரல்ல சுத்திக்கிட்டே அதைப் பார்த்தா.

ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆறு தையல். ஆட்டோவுல நான் அவகிட்ட என்ன பேசுனேன் தெரியுமா? "பார்த்து நறுக்கக் கூடாதாட்டி? எல்லாரையும் தலைகுனிய வச்சுட்டியே." அதைச் சொன்ன வாயை இன்னிக்கு வரைக்கும் நான் மன்னிக்கல.

"பார்த்துத்தான்க்கா நறுக்குனேன்"னு மட்டும் சொன்னா. வத்திராயிருப்பு பஸ்ல ஏத்திவிட்டேன்.

மறுநாள் கல்யாணம் முடிஞ்சு கத்தி, கம்பி எல்லாம் என் வீட்டுக்கு வந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் சமைக்க அந்தக் கத்தியிலயே ஒரு வெங்காயத்தை நறுக்குனேன். நசுங்குச்சே ஒழிய அறுபடல. கம்பியில பத்து இழுப்பு இழுத்தேன். இருபது இழுத்தேன். அதே நசுங்கல். சந்தேகம் தட்டி, கம்பி மேல பெருவிரலை ஓட்டிப் பார்த்தேன். வாங்குன புதுசுல நைசான உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். இப்ப மொசைக் தரை மாதிரி வழவழன்னு கிடக்கு. இரும்புத்தூளும் விளக்கெண்ணெயும் சேந்து ஒரு மாசம் ஊறி, மேல ஒரு தோலாவே படிஞ்சுபோச்சு. இதுலயா கத்தி தீட்டுனோம்? இந்தக் கத்தியிலயா அவளைச் சேனைக்கிழங்கு நறுக்கச் சொன்னேன்?

அங்கதான் கோபம் ஏறுச்சு. அவ பேர்ல ஒரு குத்தமும் இல்ல. ராசியும் இல்ல, தாலியும் இல்ல. எண்ணெய்! நான் தடவுன எண்ணெய்!

மொத நாள் புளி போட்டுத் தேய்ச்சேன், பித்தளை விளக்குக்குத் தேய்க்கிற மாதிரி. ஒரு மண்ணும் நடக்கல. எலுமிச்சம்பழம், உப்பு. கம்பி என்னைப் பார்த்துச் சிரிச்சுச்சு. ரெண்டாம் நாள்தான் அந்தக் கம்பி வந்த அட்டைப்பெட்டி ஞாபகம் வந்து சாக்குக்குள்ள தேடுனேன். அடியில ஒரு துண்டுக் காகிதம். எழுதியிருந்தது எல்லாம் இங்கிலீஷ். ஆனா படம் போட்டிருந்துச்சு. எண்ணெய்ப் பாட்டில் படம், அது மேல சிவப்புல பெருக்கல் குறி. பக்கத்துல தண்ணிக் குழாய், பவுடர் டப்பா, பென்சில் ரப்பர். அதுக்கெல்லாம் டிக். எழுத்து தெரியாத ஆளுக்கும் விளங்கணும்னுதான் ஒருத்தன் உக்காந்து வரைஞ்சிருக்கான். மாஸ்டரும் பார்க்கல, நானும் பார்க்கல. அந்தக் காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு முத்தத்துலயே உக்காந்துட்டேன்.

பொறவு வெந்நியில சோப்புத்தூளைக் கரைச்சு ரெண்டு கம்பியில ஒண்ணை ஊறப் போட்டேன். எண்ணெய் மஞ்சளா மிதந்துச்சு. பாத்திரம் விளக்குற பவுடரை ஈர நார்ல தொட்டு, கம்பியைச் சுத்திப் பிடிச்சுத் திருகித் திருகித் தேய்ச்சேன். கருப்புத் தண்ணியா வழிஞ்சுச்சு. கழுவி, வெயில்ல பிடிச்சுப் பார்ப்பேன், கோடு இருக்கும். திரும்பத் தேய்ப்பேன். மூணாம் நாள் கடையில ஒரு பென்சில் ரப்பர் வாங்கி, மிச்சம் கிடந்த கோட்டை எல்லாம் அழிச்சேன். ரப்பர் கருப்புத் திரியாத் திரிஞ்சு உதிர்ந்துச்சு, கம்பி வெள்ளையாச்சு. கத்தியை வச்சு இழுத்தேன். சர்ருன்னு அந்தச் சத்தம் வந்ததும் எனக்கு அழுகை வந்துருச்சு. கோபத்துல வர்ற அழுகை.

இன்னொரு கம்பியை வேணும்னே தேய்க்காம வச்சேன். மாஸ்டருக்குக் காட்டணும்ல?

ரெண்டையும் எடுத்துக்கிட்டு அவரு வீட்டுக்குப் போனேன். வீட்டுல தெலுங்கு பேசுறவக. என்னைப் பார்த்ததும் அவரு சம்சாரம் மோர் கொண்டுவந்து வச்சாக. நான் தொடல. கருப்புக் கம்பியில ஒரு கத்தி, வெள்ளைக் கம்பியில ஒரு கத்தி தீட்டி, ரெண்டு தக்காளியை அவரு முன்னாலயே நறுக்குனேன். ஒண்ணு பிதுங்கி அவரு சட்டையில தெறிச்சுச்சு. இன்னொண்ணு பூ மாதிரி விரிஞ்சுச்சு. காகிதத்தையும் காட்டுனேன்.

"எண்ணெய் தடவுனது நான் மாஸ்டர். அந்தப் பிள்ளை விரல் வெட்டுப்பட்டது என்னால. திட்டுங்க."

அவரு சிரிச்சாரு. "அட விடு தாயி. நீ என்ன வேணும்னா செஞ்ச? தெரியாமச் செஞ்சதுதான? இந்தக் கம்பிச் சங்கதி யாருக்குத் தெரியும்? மோரைக் குடி."

அம்புட்டுதான். என் குத்தம் ஒரு டம்ளர் மோருல கரைஞ்சு போச்சு.

"அப்ப அவளுக்குப் போன் போடவா? அடுத்த முகூர்த்தத்துக்கு வரச்சொல்லட்டா?"

சிரிப்பு நின்னுருச்சு. "கம்பி வேற, அது வேற. அந்தம்மா ஊரெல்லாம் சொல்லிருச்சு. நாளைக்கு இன்னொரு பார்ட்டி கேப்பான்."

"ஏன் வேற? செஞ்சவ நான், என் கழுத்துல தாலி கிடக்கு, எனக்கு மோரு. வெட்டுப்பட்டவளுக்கு வாசலை அடைப்பீகளா? அவ நறுக்குன காயைத் தின்னுட்டு எத்தனை சோடி நல்லா இருக்கு, கணக்குச் சொல்லட்டுமா?" தெருவுல போறவக நின்னு பார்க்கிற அளவுக்குக் கத்துனேன். ஒரு மணி நேரம் கத்தியிருப்பேன். அவரு சம்சாரம் உள்ள இருந்து தெலுங்குல என்னமோ சொன்னாக. கடைசியில அவருக்கே அலுத்துப்போச்சு.

"சரி, கூட்டிட்டு வா. ஆனா அரிசி மூட்டை அடுக்குற ரூமுக்குள்ள உக்காந்து நறுக்கட்டும். பார்ட்டி ஆளுக வர்றப்ப வெளிய தலை காட்டக்கூடாது. இதுக்கு மேல என்னால முடியாது."

நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். அந்த நெனப்போடதான் மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பஸ் மாறி, வத்திராயிருப்புல எறங்குனேன். பையில வெள்ளைக் கம்பி.

அவ வீட்டுக்குள்ள உக்காந்து ஒத்தைக் கையால புளியில கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தா. இடது கை மடியில கிடந்துச்சு. அந்த விரலு மடங்கல. நான் மூச்சு விடாம எல்லாத்தையும் கொட்டுனேன். எண்ணெய், துரு, காகிதம், தக்காளி, மாஸ்டர் கூடப் போட்ட சண்டை. கம்பியை எடுத்துக் குடுத்தேன். பெருவிரலை ஓட்டிப் பார்த்தா.

"எம்புட்டு வெள்ளையாத் தேய்ச்சிருக்க. இந்த எண்ணெய்க்கு நான் ஒண்ணும் நெனைக்கலக்கா. என்கிட்ட குடுத்திருந்தா நானும் தடவித்தான் வச்சிருப்பேன்."

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அந்த அரிசி மூட்டை ரூம் சங்கதியையும் சொன்னேன், நல்ல சேதி கணக்கா. "கொஞ்ச நாளைக்குத்தாண்டி. பொறவு எல்லாரும் மறந்துருவாக. அங்கயும் மேளச்சத்தம் கேக்கும்."

அவ கம்பியை எனக்கும் அவளுக்கும் நடுவுல தரையில வச்சா.

"அந்த ரூமுக்குச் சன்னல் கிடையாதேக்கா."

நான் கம்பியைத் திரும்ப அவ பக்கம் நகர்த்தி வச்சேன்.

"மாஸ்டர்கிட்ட ஒரு மணி நேரம் சத்தம் போட்டேன்னு சொல்லுதல்ல? அன்னைக்கு அந்தம்மா பேசும்போது நீ எங்க நின்ன?"

"உன் பக்கத்துலதான நின்னேன். நான்தான உன் கையைப் பிடிச்சிருந்தேன்."

"பிடிச்சிருந்த. அந்தம்மா என் கழுத்தைப் பார்த்துச்சு. நீ துண்டை விட்டுட்டு அடுப்புப் பக்கம் போயிட்ட. துண்டு கழண்டு கீழ விழுந்துச்சு. நானேதான் குனிஞ்சு எடுத்துச் சுத்திக்கிட்டேன்."

கோபமா அவ சொல்லல. கோபமாச் சொல்லியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இல்லவே இல்ல, ரத்தத்தைக் கழுவ தண்ணி எடுக்கத்தான் போனேன்னு சொல்ல வாயைத் திறந்தேன். தண்ணித் தொட்டி இருந்தது அவ நின்ன பக்கம்.